வீட்டில் வாக்சிங்: பாகின் பதமும் தோலின் இயல்பும்

கை, கால், அக்குள் ஆகிய இடங்களில் வளரும் ரோமத்தை நீக்குவதும் அப்படியே விட்டுவிடுவதும் அவரவர் விருப்பம். நீக்கியே ஆக வேண்டும் என்று உடல்நலம் சார்ந்த கட்டாயம் எதுவும் கிடையாது. ஆனால் நீக்குவது என்று முடிவு செய்துவிட்டவர்கள், குறிப்பாக அதை வீட்டிலேயே செய்துகொள்ள விரும்பும் பெண்கள், ரோமத்தைப் பற்றி யோசிக்கும் அளவுக்குத் தங்கள் தோலைப் பற்றி யோசிப்பதில்லை என்பது என் நெடுநாள் கவலை. மாநிறமும் கறுப்புமான நம் தோலுக்கு ஓர் இயல்பு உண்டு: சிறு சூடு பட்டாலும், ஒரு கொப்புளம் வந்து ஆறினாலும், அந்த இடம் கறுத்துவிடும். பிடுங்கிய ரோமம் சில வாரங்களில் திரும்ப வளர்ந்துவிடும். அந்தக் கருமையோ மாதக்கணக்கில் போகாது. ஆகவே எந்த முறையை எடுத்துக்கொண்டாலும், அது ரோமத்தை எவ்வளவு வேகமாக எடுக்கிறது என்பதைவிடத் தோலை எந்த நிலையில் விட்டுச் செல்கிறது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

நான் வீட்டில் செய்வது சர்க்கரைப் பாகு வாக்சிங். எகிப்து, துருக்கி, ஈரான் முதலிய நாடுகளின் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் வீட்டுச் சமையலறையில் செய்துவரும் முறை இது. சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, தண்ணீர் என்ற மூன்றைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இது தண்ணீரில் கரைந்துவிடும். பிசின் கலந்த கடை வாக்ஸ் தோலில் ஒட்டிக்கொண்டால் எண்ணெய் தேய்த்துத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். சர்க்கரைப் பாகு ஒட்டினால் ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீர் போதும். முதல்முறை செய்து பார்ப்பவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது செய்தவருக்குத்தான் தெரியும்.

இரண்டு கப் சர்க்கரைக்குக் கால் கப் எலுமிச்சைச் சாறும் கால் கப் தண்ணீரும் சேர்த்து, அடிகனமான பாத்திரத்தில் மிதமான தீயில் வைக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு மணத்துக்காகச் சேர்ப்பதன்று. அதன் புளிப்பு சர்க்கரையைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்ற இரண்டு எளிய சர்க்கரைகளாக உடைக்கிறது. அந்த இரண்டும் கலந்திருப்பதால்தான் பாகு ஆறிய பிறகும் பூத்துப்போகாமல், கற்கண்டாக இறுகாமல், இழுபடும் தன்மையோடு இருக்கிறது. சாறு குறைந்தால் மறுநாள் பாத்திரத்தில் மணல்மணலாகப் படிந்த சர்க்கரையைத்தான் பார்ப்பீர்கள்.

பாகு கொதித்து, நுரை அடங்கி, நிறம் தேன்போல மாறத் தொடங்கும் நேரத்தில் அடுப்பை விட்டு நகரக் கூடாது. சமையலறை வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 115 முதல் 120 டிகிரி செல்சியஸ் என்பது கணக்கு. அது இல்லாதவர்களுக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் அதிரசத்துக்குப் பாகு பார்க்கும் வழியே போதும். ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, அதில் ஒரு துளி பாகை விட்டு, விரலால் கூட்டினால் கரையாமல் மெத்தென்ற உருண்டையாகத் திரண்டு வர வேண்டும். துளி தண்ணீரில் நூலாகக் கரைந்தோடினால் இன்னும் நேரம் இருக்கிறது; தட்டில் போட்டால் 'டிக்' என்று சத்தம் கேட்கும் அளவுக்கு இறுகிவிட்டால் அது கடலை மிட்டாய்க்கு ஆகுமே தவிர வாக்சிங்குக்கு ஆகாது. அப்படி இறுகியதில் இரண்டு மூன்று தேக்கரண்டி தண்ணீர் சேர்த்து மறுபடியும் மெல்லச் சூடாக்கினால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். என் சித்தி அதிரசப் பாகைக் கிளறும்போது கரண்டியை உயர்த்திப் பிடித்து, கடைசிச் சொட்டு எப்படி விழுகிறது என்று பார்ப்பார். அவசரமாக விழாமல், தயங்கி நீண்டு, வால் விட்டு விழும் அந்தச் சொட்டுதான் இதற்கும் அடையாளம்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கொதிக்கும் பாகு கொதிக்கும் தண்ணீரைவிட ஆபத்தானது. அதன் சூடும் அதிகம்; தண்ணீர்போல வழிந்தோடாமல் தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். பாகு காய்ச்சும்போது சிறு பிள்ளைகள் சமையலறையில் இருக்கக் கூடாது. தப்பித்தவறி மேலே பட்டுவிட்டால் உடனே குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் அந்த இடத்தைக் காட்ட வேண்டும். பற்பசை, பேனா மை, தோசை மாவு, ஐஸ் கட்டி ஆகிய எதையும் வைக்கக் கூடாது. கொப்புளம் எழுந்தால் உடைக்காமல் மருத்துவரிடம் காட்டுவதே முறை. இறக்கிய பாகு ஆறுவதற்குப் பொறுமை வேண்டும். மேலே ஆறினதுபோல் தெரியும். நடுவில் சூடு தங்கியிருக்கும். நன்றாகக் கலக்கிவிட்டு, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி வைத்துப் பார்த்து, வெதுவெதுப்பு மட்டும் தெரிந்தால்தான் தொடங்கலாம். மைக்ரோவேவ் அடுப்பில் மறுசூடு செய்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் அதில் சூடு எல்லா இடத்திலும் ஒன்றாகப் பரவாது.

ரோமம் ஏறத்தாழ ஓர் அரிசி நீளம், அதாவது ஐந்தாறு மில்லிமீட்டர், இருக்க வேண்டும். அதைவிடக் குட்டையாக இருந்தால் பாகு பிடிக்காது. மிக நீளமாக இருந்தால் வலி கூடும், ஆகவே கத்தரித்துக்கொள்ளலாம். தோலைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, டால்கம் பவுடரை மெல்லிய படலமாகத் தூவ வேண்டும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்தப் பவுடர் இல்லாமல் வேலையே நடக்காது, ஏனெனில் சர்க்கரைப் பாகுக்கு வியர்வை ஆகாது. வியர்த்த தோலில் பாகு இளகி, துணியோடு வராமல் தோலிலேயே பசையாகத் தங்கிவிடும். வெயில் ஏறுவதற்கு முன்பே, காலையில், மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து செய்வதுதான் நல்லது.

தடவுவதும் இழுப்பதுமே இந்தக் கலையின் உயிர். ரோமம் வளரும் திசையில் பாகை மெல்லியதாகத் தடவி, வாக்சிங் துணியை அதன்மேல் வைத்து, அதே திசையில் இரண்டு மூன்று முறை நீவிவிட வேண்டும். பிறகு ஒரு கையால் தோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் துணியை எதிர்த்திசையில், தோலை ஒட்டியவாறே, ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். பெரும்பாலோர் துணியை மேல்நோக்கித் தூக்கி இழுக்கிறார்கள். அப்போது தோலும் சேர்ந்து மேலே எழும்புகிறது. ரோமம் வேரோடு வராமல் நடுவில் முறிகிறது. உள்ளே நுண்ணிய இரத்தக் கசிவு ஏற்பட்டுக் கன்றிப்போகிறது. துணி கிட்டத்தட்டத் தோலின்மேல் மடிந்து ஓடுவதுபோல் வர வேண்டும். எடுத்த உடனே உள்ளங்கையை அந்த இடத்தில் அழுத்தி வைத்தால் எரிச்சல் சட்டென்று தணிந்துவிடும். ஓர் இடத்தில் இரண்டு முறைக்குமேல் பாகு வைக்கக் கூடாது. விடுபட்ட ஓரிரு ரோமங்களை ட்வீசரால் எடுத்துக்கொள்ளலாம். தனி வாக்சிங் துணி இல்லாதவர்கள் பழைய ஜீன்ஸ் துணியைப் பட்டை பட்டையாக வெட்டி, தோய்த்து உலர்த்தி வைத்துக்கொண்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். துணியே இல்லாமல் கெட்டிப் பாகைக் கையால் உருட்டி, ரோமத்துக்கு எதிராகத் தடவி, ரோமத்தின் திசையிலேயே சுண்டி எடுக்கும் மரபுமுறை ஒன்றும் உண்டு. தோலுக்கு அது இன்னும் இதமானது. கை பழக நாளாகும்.

கெண்டைக்கால் தொடங்குவதற்கு ஏற்ற இடம், ஏனெனில் அங்கே ரோமம் பெரும்பாலும் ஒரே திசையில் கீழ்நோக்கி வளர்கிறது. முழங்காலின்மேல் செய்யும்போது காலை மடித்துத் தோலை இறுக்கிக்கொள்ள வேண்டும். அக்குளில் நிலைமை வேறு. அங்கே ரோமம் மேற்பகுதியில் ஒரு திசையிலும் கீழ்ப்பகுதியில் வேறு திசையிலும் சுழன்று வளர்கிறது. கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கண்ணாடியில் பார்த்து, இரண்டு மூன்று சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பாகு வைப்பதே சரி. ஒரு கையால் தோலை இழுத்துப் பிடிக்கவும் மறு கையால் துணியை இழுக்கவும் அங்கே தனியாளால் முடியாது. அக்காவோ தங்கையோ பக்கத்தில் இருந்தால்தான் ஒழுங்காக நடக்கும். பிறப்புறுப்புப் பகுதியில் வீட்டில் வாக்சிங் செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அங்குள்ள தோல் மெல்லியது, எளிதில் கிழியும். அங்கே நீளத்தைக் கத்தரியாலோ ட்ரிம்மராலோ குறைத்துக்கொள்வது போதும்.

முழுதும் எடுத்த பிறகும் பத்து நாளில் ஆங்காங்கே ரோமம் தெரிகிறதே என்று பலர் குறைப்படுகிறார்கள். அது கையின் குறையாக இருக்க வேண்டியதில்லை. நம் உடலில் எல்லா ரோமமும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. சில வளரும் பருவத்திலும், சில ஓய்விலும், சில உதிரும் தறுவாயிலும் இருக்கும். இன்று தோலுக்கு மேலே இருப்பதைத்தான் இன்று பிடுங்க முடியும். உள்ளே உறங்கிக்கொண்டிருப்பது அடுத்த வாரம் எட்டிப் பார்க்கும். மூன்று முதல் ஆறு வாரம் வரை இடைவெளி விட்டுச் செய்துவந்தால் போதுமானது.

செய்த பிறகு அன்று முழுதும் சூடான தண்ணீர்க் குளியல், கடும் வெயில், இறுக்கமான உடை, வாசனைத் திரவியம், டியோடரண்ட் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். மயிர்க்கால்கள் திறந்திருக்கும் அந்த நேரத்தில் தோலில் வழக்கமாக வாழும் கிருமிகளே உள்ளே புகுந்து, சிவந்த சிறு கட்டிகளை உண்டாக்கக்கூடும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை ஒற்றியெடுத்து, வாசனை சேர்க்காத கற்றாழைக் கூழைத் தடவினால் போதும். இரண்டு மூன்று நாள் கழித்து, குளிக்கும்போது பீர்க்கங்காய் நாரால் மென்மையாகத் தேய்ப்பது உள்முடியைத் தடுக்கும். சுருள் ரோமம் உடையவர்களுக்கு, வளரும் நுனி வெளியே வராமல் தோலுக்குள்ளேயே வளைந்து புகுந்து கட்டியாகிவிடும். அதை ஊசியால் குத்தி எடுப்பவர்கள் தங்கள் கையாலேயே தழும்பை உண்டாக்கிக்கொள்கிறார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் காத்திருந்தால் பெரும்பாலும் அதுவே வெளியே வரும்.

வீட்டில் செய்வதை நான் விரும்புவதற்குச் சுத்தமும் ஒரு காரணம். ஒரு பியூட்டி பார்லரில் எனக்கு முன்னால் இருந்தவருக்கு அக்குளில் தடவிய அதே மரக்கட்டையை, கண்முன்னே, மறுபடியும் வாக்ஸ் டின்னுக்குள் விட்டு எடுத்து என் கைக்குக் கொண்டுவந்தார்கள். வாக்ஸின் சூட்டில் கிருமி செத்துவிடும் என்று விளக்கமும் சொன்னார்கள். தோல் தாங்கும் சூடு கிருமியைக் கொல்லப் போதாது. பார்லருக்குச் செல்பவர்கள் ஒவ்வொரு முறை தோய்ப்பதற்கும் புதிய கட்டையைக் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. வீட்டிலும் அக்கா தங்கைகளுக்குள் ஒரே பாகைப் பகிர்ந்துகொள்வதானால், ஆளுக்கொரு கிண்ணத்தில் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

யார் செய்யக் கூடாது என்பதைச் சொல்லாமல் செய்முறையை மட்டும் சொல்வது பொறுப்பாகாது. கடுமையான முகப்பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தோல் மிகவும் நொய்ந்திருக்கும். வாக்ஸ் துணியோடு மேல்தோலும் உரிந்துவரக்கூடும். மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் ஆகும்வரை வாக்சிங் பக்கமே போகக் கூடாது. ட்ரெட்டினாயின், அடபலீன் போன்ற பருக் க்ரீம்கள் தடவும் இடங்களிலும் மேல்தோல் இப்படி உரியக்கூடும் என்பதால், அங்கும் வாக்சிங் வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள், இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள், காலில் நரம்பு புடைத்திருப்பவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். மச்சம், மரு, வெயிலில் கன்றிய தோல், புண் இவற்றின்மேல் யாருமே செய்யக் கூடாது.

வாக்சிங்கின் வலி வேண்டாம் என்பவர்கள் ஹேர் ரிமூவல் க்ரீமை நாடுகிறார்கள். அதில் இருக்கும் தயோகிளைகோலேட் உப்பு, ரோமத்துக்கு உறுதி தரும் கந்தகப் பிணைப்புகளை உடைத்து, அதைக் கூழாக்கிவிடுகிறது. க்ரீமின் அந்த வாடைக்கும் கந்தகமே காரணம். ரோமம் ஆனதும் கெரட்டின் என்ற புரதத்தால், நம் மேல்தோல் ஆனதும் அதே கெரட்டினால் என்பதை நினைவில் வைத்தால், டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குமேல் ஒரு நிமிடம்கூட வைக்கக் கூடாது என்பது விளங்கும். இந்தக் க்ரீம்களின் காரத்தன்மை குளியல் சோப்பைவிட அதிகம். முதல்நாள் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்த்து, 24 மணி நேரம் கழித்து அரிப்போ தடிப்போ இல்லையென்றால் மட்டுமே பயன்படுத்தலாம். வாக்சிங் செய்த அன்றே விடுபட்ட இடத்துக்குக் க்ரீம் போடுவது கூடவே கூடாது.

ரேசரைப் பற்றி நம்மிடையே ஓர் அச்சம் வேரூன்றியிருக்கிறது: ஒருமுறை மழித்தால் முடி தடித்துக் கறுத்து வளரும் என்பது. மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் 1928ஆம் ஆண்டிலேயே இதை ஆராய்ந்து, மழிப்பதால் முடியின் தடிமனும் வளரும் வேகமும் மாறுவதில்லை என்று காட்டிவிட்டார். ரோமத்தின் நுனி இயற்கையில் கூராக இருக்கும். ரேசர் அதை நடுவில் வெட்டிவிடுவதால், வளரும்போது மொட்டையான வெட்டுமுகம் கைக்குச் சொரசொரப்பாகத் தட்டுகிறது. அவ்வளவே. ரேசரின் உண்மையான குறை வேறு: கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், அறுவைச் சிகிச்சைக்கு முன் முடியை ரேசரால் மழிக்கக் கூடாது, நீக்கியே ஆக வேண்டுமென்றால் க்ளிப்பரால்தான் நீக்க வேண்டும் என்று சொல்லியிருப்பதை நினைத்துப் பார்க்கலாம். மழிக்கத்தான் வேண்டும் என்பவர்கள் தோலை நன்றாக நனைத்து, சோப்பு நுரையிட்டு, கூர் மழுங்காத சொந்த ரேசரால், ரோமம் வளரும் திசையிலேயே மழிக்கட்டும்.

கஸ்தூரி மஞ்சளும் குப்பைமேனி இலையும் அரைத்துப் பூசினால் ரோமம் கொட்டிவிடும் என்பது நம் பாட்டிமார் நம்பிக்கை. மஞ்சள் தேய்த்துக் குளிக்கும் பழக்கத்தின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் வேரூன்றி வளர்ந்த ரோமத்தை மஞ்சள் நீக்கிவிடாது. காய்ந்த பூச்சை உரசித் தேய்க்கும்போது பூனைமுடி சிறிது உதிரலாம். அந்த உரசலே முகத்தைக் கறுக்கவைக்கவும் கூடும். பிறந்த குழந்தையின் மெல்லிய ரோமத்தைப் போக்குவதற்காக மாவு உருட்டித் தேய்ப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது சில வாரங்களில் தானாகவே உதிர்ந்துவிடும்.

புருவத்துக்கும் மேலுதட்டுக்கும் த்ரெடிங்தான் ஏற்றது. நூல் ரோமத்தை மட்டும் பற்றுகிறது, தோலை உரிப்பதில்லை. தன் புருவத்துக்குத் தானே செய்துகொள்வது கடினம். 1986இல் இஸ்ரேலில் அறிமுகமான எபிலேட்டர் கருவி, பல ட்வீசர்கள் ஒருங்கே சுழன்று பிடுங்குவதற்குச் சமம். காலுக்கு நன்றாக உதவும், அக்குளில் தாங்காது.

முகத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. தாடையிலும் கழுத்திலும் கறுத்துத் தடித்த ரோமம் வளரத் தொடங்கி, மாதவிலக்கும் தள்ளிப்போனால், அது வாக்ஸ் பாத்திரத்தைத் தேட வேண்டிய நேரமன்று, மருத்துவரைத் தேட வேண்டிய நேரம். பிசிஓஎஸ் என்னும் சினைப்பைக் கோளாறு இதற்குப் பெரும்பான்மையான காரணம். சில மாதங்களுக்குள் வேகமாக ரோமம் பரவி, குரலும் தடித்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பள்ளிக்கூடத்தில் மீசை என்று கேலி செய்கிறார்கள் என்று அழுதுகொண்டு வரும் பெண்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த அழுகையை "இந்த வயதில் இதெல்லாம் எதற்கு" என்று அதட்டி அடக்கும் அம்மாக்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அந்தப் பிள்ளை தானே பூட்டிய கதவுக்குப் பின்னால் அப்பாவின் ரேசரை எடுப்பதைவிட, நீங்கள் அருகில் அமர்ந்து கையில் ஒரு சிறு பட்டை மட்டும் செய்துகாட்டி, வலி இவ்வளவுதான், வேண்டுமா வேண்டாமா என்று அவளையே கேட்பது நல்லது. வேண்டாம் என்று அவள் சொன்னால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

நிரந்தரத் தீர்வு கேட்பவர்களுக்கு: மயிர்க்காலுக்குள் மெல்லிய ஊசி செலுத்தி மின்சாரத்தால் வேரை அழிக்கும் முறையை, உள்நோக்கி வளர்ந்த கண்ணிமை முடிகளை நீக்குவதற்காக சார்லஸ் மிஷெல் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் 1875இலேயே கையாண்டார். ஒவ்வொரு ரோமமாகச் செய்ய வேண்டியிருப்பதால் சிறு பரப்புக்கே அது ஒத்துவரும். லேசர் ரோமத்தின் கருநிறத்தைக் குறிவைத்துச் சுடுகிறது. தோலும் கறுப்பாக இருந்தால் அதன் சூட்டைத் தோலும் வாங்கிக்கொள்ளும். ஆகவே நம் நிறத்துக்கு ஆழமாக ஊடுருவும் 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசரே பாதுகாப்பானது என்று தோல் மருத்துவர்கள் கருதுகிறார்கள். இணையத்தில் விற்கும், லேசர்போலவே ஒளியால் ரோமத்தைச் சுடும் ஐபிஎல் கருவியை வாங்குவதற்கு முன், அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் நிற அட்டவணையைப் பகல் வெளிச்சத்தில் உங்கள் கையோடு வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அடர்நிறத் தோலுக்கு ஏற்றதல்ல என்று அதில் குறித்திருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அதை வாங்க வேண்டாம்.